பனிக்குட நீரில் புரதப் பரிசோதனை: சிசுவின் மூளையைப் பற்றி அது எதைச் சொல்லும், எதைச் சொல்லாது

வெள்ளவத்தையிலிருந்து கேள்வி அனுப்பிய சகோதரிக்கு இப்போது பதினாறாவது வாரம். முதல் கர்ப்பத்தில் சிசுவுக்கு மண்டையோட்டின் மேற்பகுதியும் மூளையின் பெரும்பகுதியும் உருவாகவில்லை என்று இருபதாவது வார ஸ்கானில்தான் தெரியவந்தது. அந்தக் குழந்தை பிறந்த சில மணித்தியாலங்களில் இறந்துவிட்டது. இம்முறை அவரைப் பார்க்கும் மகப்பேற்று நிபுணர், பனிக்குட நீரை எடுத்து ஏ.எஃப்.பி. என்னும் புரதத்தை அளந்து பார்க்கலாம் என்று ஒரு தெரிவாகச் சொல்லியிருக்கிறார். ரொறன்ரோவில் இருக்கும் அக்கா, இரத்தப் பரிசோதனையே போதும் என்கிறார். மாமியார் வயிற்றில் ஊசியே வேண்டாம் என்கிறார். கணவர் சொந்த மாமா மகன். அந்தப் பரிசோதனை பிள்ளையின் மூளையில் இருக்கக்கூடிய எல்லாக் குறைகளையும் காட்டிவிடுமா, ஊசி குத்தும் அளவுக்கு அது தேவையா என்பதே அவருடைய கேள்வி.

எல்லாக் குறைகளையும் காட்டாது. உங்கள் நிலையில், நல்ல கருவியில் அனுபவமுள்ள ஒருவர் செய்யும் ஸ்கான் ஒன்று இந்த வாரத்திலேயே பெரும்பகுதி பதிலைத் தந்துவிடும். புரதத்தை மட்டும் அளப்பதற்காக ஊசி குத்துவது இன்று அநேகமாகத் தேவையில்லை. ஆனால் வேறு காரணத்துக்காக நீர் எடுக்கப்படுமானால் அதில் புரதத்தையும் பார்ப்பது பயனுள்ளது. உங்கள் குடும்பத்தில் அப்படியொரு காரணம் இருக்கிறதா என்று கேட்டுப் பார்க்கவேண்டியும் இருக்கிறது. நான் வைத்தியர் அல்லன். கொழும்பில் உயிர் இரசாயன ஆய்வுகூடத்தில் வேலை செய்து ஓய்வு பெற்றவன். ஆகவே முடிவை உங்கள் நிபுணரோடு பேசி எடுங்கள். அந்தப் பேச்சுக்குத் தேவையான விளக்கத்தை இங்கே தருகிறேன்.

ஏ.எஃப்.பி. எனச் சுருக்கிச் சொல்லப்படுவது அல்பா ஃபீட்டோபுரோட்டீன். 1956இல் சுவீடனில் சிசுவின் குருதியில் முதலில் இனங்காணப்பட்ட இந்தப் புரதத்தை, தொடக்கத்தில் மஞ்சட்கருப் பையும் பின்னர் சிசுவின் ஈரலும் உற்பத்தி செய்கின்றன. இதன் பயன் முழுவதும் மூன்று இடங்களில் இருக்கும் அளவுகளுக்கு இடையிலான பெரும் வித்தியாசத்தில் தங்கியிருக்கிறது. பதின்மூன்றாம் வாரமளவில் சிசுவின் குருதித் திரவவிழையத்தில் ஒரு லீற்றருக்குச் சுமார் 3 கிராம் ஏ.எஃப்.பி. இருக்கும். சிசுவைச் சூழ்ந்துள்ள பனிக்குட நீரில் அது லீற்றருக்கு ஏறத்தாழ 20 மில்லிகிராம்தான். தாயின் குருதியில் பதினாறாம் வாரத்தில்கூட லீற்றருக்கு 30 மைக்ரோகிராம் அளவே காணப்படும். ஒன்றிலிருந்து அடுத்ததற்கு வரும்போது அளவு நூறு மடங்குக்கும் மேலாகவும், பிறகு அதைவிட இன்னும் பெரிய மடங்கிலும் இறங்கிவிடுகிறது. சாதாரணமாகப் பனிக்குட நீரில் காணப்படும் ஏ.எஃப்.பி. பெரும்பாலும் சிசுவின் சிறுநீர் வழியாக வருவது. சிசுவின் உடலில் எங்காவது தோல் மூடாமல் இருந்து, உள்ளிருக்கும் திரவம் நேரே பனிக்குட நீருடன் கலக்குமானால், அந்த நீரிலுள்ள புரதத்தின் அளவு திடீரெனக் கூடிவிடும்.

மூளைக்கும் முண்ணாணுக்கும் மூலமான நரம்புக்குழாய், கருக்கட்டி ஏறக்குறைய 28 நாட்களுக்குள் முழுவதுமாக மூடிக்கொள்ளவேண்டும். கடைசி மாதவிடாயிலிருந்து கணக்கிட்டால் அது ஆறாவது வாரம். பல பெண்கள் தாம் கர்ப்பம் என்று அறிந்துகொள்ளும் வாரமும் அதுதான். தலைப்பக்கம் மூடாவிட்டால் உங்கள் முதற் குழந்தைக்கு ஏற்பட்ட அனென்செபலி என்னும் நிலை உண்டாகிறது. முதுகுப்பக்கம் மூடாவிட்டால் ஸ்பைனா பிஃபிடா எனப்படும் முதுகுப் பிளவு. இரண்டிலும் நரம்பு இழையம் வெளியே திறந்திருப்பதால் புரதம் கசிகிறது. ஆகவே இந்தப் பரிசோதனை உண்மையில் மூளையைப் பார்ப்பதே இல்லை. கூரை ஒழுகுகிறதா என்று வாளியில் சேர்ந்த நீரைப் பார்த்துச் சொல்வது போன்ற வேலை இது. ஒழுக்கு இல்லாத வீட்டின் உள்ளறைகள் எப்படியிருக்கின்றன என்று அந்த வாளி சொல்லாது.

அதனால் விட்டுப்போகும் குறைகள் பல. மூளையறைகளில் நீர் தேங்கித் தலை பெருக்கும் ஹைட்ரோகெபலஸ், தனியாக வரும்போது, இதில் தெரியாது. தலை சிறுத்திருப்பது தெரியாது. மூளையின் இரண்டு அரைக்கோளங்களும் பிரியாமல் ஒன்றாகவே இருப்பது தெரியாது. அவற்றை இணைக்கும் நரம்புப் பாலம் உருவாகாமற் போயிருப்பதும் தெரியாது. முதுகுப் பிளவிலும், தோலால் முற்றாக மூடப்பட்டவை பத்தில் ஒன்று அல்லது இரண்டு இருக்கும். அவற்றிலும் புரதம் கசியாது. பிற்காலத்தில் பிள்ளையின் பேச்சும் படிப்பும் எப்படியிருக்கும் என்ற கேள்விக்கும் இந்தப் புரதத்துக்கும் எந்தத் தொடர்பும் இல்லை. நீர்ப் பரிசோதனை சரியாக வந்துவிட்டதாம், இனி மூளையில் ஒரு குறையும் இருக்காதாம் என்று யாராவது உங்களிடம் சொன்னால் அதை நம்பவேண்டாம்.

இருந்தும் அறுபதுகளின் முடிவு வரை வயிற்றுக்குள் இருக்கும் பிள்ளையின் நரம்புக்குழாய் மூடியிருக்கிறதா என்று அறிய நம்பகமான வழியே இல்லாத நிலையில் இது வந்தது என்பதையும் சொல்லவேண்டும். 1972இல் ஸ்கொட்லாந்தின் எடின்பரோவில் புரொக், சட்கிளிஃப் என்ற இரு ஆய்வாளர்கள், அனென்செபலி இருந்த கர்ப்பங்களிலிருந்து எடுக்கப்பட்ட பனிக்குட நீரில் ஏ.எஃப்.பி. மிக உயர்ந்திருப்பதைக் கண்டு லான்செட் சஞ்சிகையில் எழுதினார்கள். பிரித்தானியத் தீவுகளில், குறிப்பாக அயர்லாந்து, ஸ்கொட்லாந்து, வேல்ஸ் பகுதிகளில், இக்குறைபாடு உலகின் மற்ற இடங்களைவிட அதிகமாக இருந்ததால் அங்கே அதை அறியும் தேவையும் பெரிதாக இருந்தது. அதே 1972இல் ஸ்ருவார்ட் கம்பெல் தலைமையிலான குழுவினர் ஸ்கான் மூலமாக அனென்செபலியைக் கண்டறிந்ததையும் அறிவித்தார்கள். இரு வழிகளும் ஒரே ஆண்டில் பிறந்தாலும், அடுத்த பதினைந்து வருடங்கள் வரை புரதத்தின் கைதான் ஓங்கியிருந்தது. அக்கால ஸ்கான் படங்களைப் பார்த்தவர்களுக்கு ஏன் என்று சொல்லத் தேவையில்லை.

1979இல் வெளியான பிரித்தானியக் கூட்டு ஆய்வு, பனிக்குட நீரில் ஏ.எஃப்.பி.யை அளப்பதால் அனென்செபலி, திறந்த முதுகுப் பிளவு இரண்டிலும் நூற்றுக்கு 97க்கு மேற்பட்டவற்றைப் பிடிக்க முடியும் என்று காட்டியது. இவ்வளவு நல்ல பரிசோதனையிலும் ஆய்வுகூடத்துக்குள் எங்கே தவறு நுழைகிறது என்பதுதான் நான் அதிகம் பார்த்த பகுதி. உங்கள் அறிக்கை கையில் வரும்போது அதை எப்படி வாசிப்பது என்று தெரிந்திருப்பது நல்லது என்பதால் இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

முதலாவது, வாரக் கணக்கு. பனிக்குட நீரில் ஏ.எஃப்.பி. இரண்டாம் மும்மாதத்தில் வாரத்துக்கு ஏறத்தாழ நூற்றுக்கு 13 வீதம் குறைந்துகொண்டே போகும். அதனால் வெறும் எண் ஒன்றுக்குப் பொருள் இல்லை. அந்த வாரத்தில் இருக்கும் சாதாரண கர்ப்பங்களின் இடைநிலை அளவைப் போல அது எத்தனை மடங்கு என்றுதான் பார்க்கவேண்டும். அறிக்கையில் எம்.ஓ.எம். என்று அச்சிட்டிருப்பது இந்த மடங்கைத்தான். நீரில் வழமையாக 2 அல்லது 2.5 மடங்குக்கு மேல் போனால் உயர்வு எனக் கொள்வார்கள். உண்மையில் 15 வாரமான கர்ப்பத்தை 18 வாரம் என்று எழுதி அனுப்பினால், முற்றிலும் சாதாரணமான அளவுகூட ஒன்றரை மடங்கு போலத் தோன்றும். தாயின் இரத்தத்தில் இது நேர்மாறு: அங்கே ஏ.எஃப்.பி. வாரந்தோறும் ஏறிக்கொண்டு போவதால், கர்ப்பம் எழுதியதைவிட முதிர்ந்ததாக இருந்தால்தான் பொய்யான உயர்வு வரும். எங்கள் வீடுகளில் மாதக் கணக்குச் சொல்லும் முறையும் இதில் குழப்பம் தரும். அம்மா ஐந்தாம் மாதம் என்பார், மாமியார் ஆறாம் மாதம் பிறந்துவிட்டது என்பார், இரண்டுமே அவரவர் கணக்கில் சரி. ஆய்வுகூடத்துக்கு வேண்டியது முதல் மும்மாத ஸ்கானில் சிசுவின் நீளத்தை அளந்து நிர்ணயித்த வாரமும் நாளும். வாரம் எழுதும் கட்டம் வெறுமையாக வரும் படிவங்களைப் போல எனக்கு எரிச்சல் தந்தது வேறில்லை. உங்கள் கர்ப்பப் பதிவு அட்டையில் அந்தத் திகதி இருக்கிறதா என்று இன்றே பாருங்கள்.

இரண்டாவது, இரத்தக் கலப்பு. நன்றாக எடுக்கப்பட்ட மாதிரி வைக்கோல் நிறத்தில் தெளிவாக இருக்கும். சில மாதிரிகள் இளஞ்சிவப்பாக வரும். அது தாயின் இரத்தமாயின் கவலையில்லை, ஏனென்றால் அதில் இருக்கும் ஏ.எஃப்.பி. மிகச் சொற்பம். சிசுவின் இரத்தமாயின் கதை வேறு: நீரில் நூற்றில் ஒரு பங்கு சிசு இரத்தம் கலந்தாலே ஏ.எஃப்.பி. அளவு ஏறக்குறைய இரட்டிப்பாகிவிடக்கூடும். ஆகவே சிவப்பு மாதிரி வந்தால், கலந்திருக்கும் செங்குருதிக் கலங்கள் தாயுடையவையா சிசுவுடையவையா என்று சாயமிட்டுப் பார்க்காமல் எண்ணை வெளியே விடுவது பொறுப்பான வேலை அல்ல.

மூன்றாவதாக, உயர்ந்த எண் வந்ததும் அது நரம்புக்குழாயில்தான் என்று முடிவு கட்ட முடியாது. வயிற்றுச் சுவர் மூடாமல் குடல் வெளியே இருந்தாலும் இது உயரும். சிசுவின் சிறுநீரகம் புரதத்தை அடக்கிவைக்க முடியாமல் வெளியேற்றும் ஒரு பிறவி நோயிலும் மிகவும் உயரும். சிசு இறந்திருந்தாலும் உயரும். இதைப் பிரித்தறியத்தான் 1979இலிருந்து இரண்டாவது பரிசோதனை ஒன்று சேர்ந்துகொண்டது: அசெற்றைல்கோலின் எஸ்ரரேஸ் என்னும் நொதியத்தைத் தேடுவது. இது நரம்பு இழையத்துக்குரிய நொதியம். நரம்பு வெளியே திறந்திருந்தால்தான் பனிக்குட நீரில் காணத்தக்க அளவில் வரும்.

அந்தப் பரிசோதனையில் மனித கண்ணுக்கு வேலை இருந்ததால் எனக்கு அது பிடிக்கும். மெல்லிய பளிங்கு போன்ற ஒரு ஜெல் படலத்தின் மேல்முனைக் குழிகளில் மாதிரியைச் சில துளிகள் விட்டு, மின்சாரத்தைச் செலுத்தி ஓடவிட்டு, பிறகு நொதியம் உடைக்கக்கூடிய பதார்த்தம் ஒன்றில் ஊறவைக்கும்போது, நொதியம் நின்ற இடத்தில் கோடு தோன்றும். சாதாரண பனிக்குட நீரில் ஒரே ஒரு கோடு, மெதுவாக நகர்ந்த பொதுவான கோலின் எஸ்ரரேஸ், மேலேயே நிற்கும். திறந்த நரம்புக்குழாய்க் குறைபாடு இருந்தால் அதற்குக் கீழே, வேகமாக ஓடிய இரண்டாவது கோடு ஒன்று தெரியும். அது உண்மையில் நரம்பு நொதியம்தானா என்று உறுதிசெய்ய, அதை மட்டும் முடக்கும் மருந்தைச் சேர்த்து அதே மாதிரியைப் பக்கத்துக் குழியில் மீண்டும் ஓட்டுவார்கள். அங்கே மேற்கோடு அப்படியே இருக்க, கீழ்க்கோடு மட்டும் மறைந்துபோனால் சந்தேகம் தீர்ந்தது. வயிற்றுச் சுவர்க் குறைபாடுகளிலும் சிலவேளை மங்கலாக இரண்டாவது கோடு வரும் என்பதால், இரு கோடுகளின் அடர்த்தியையும் ஒப்பிட்டுப் பார்ப்பதும் உண்டு. மேலே சொன்ன சிறுநீரக நோயிலோ ஏ.எஃப்.பி. வானளவு உயர்ந்தும் இரண்டாவது கோடு வராது. ஏ.எஃப்.பி. உயர்வு என்று மட்டும் எழுதி, இந்த இரண்டாவது பரிசோதனை பற்றி ஒன்றும் சொல்லாத அறிக்கை அரைகுறையானது.

இனி உங்கள் அக்கா சொல்லும் இரத்தப் பரிசோதனை. தாயின் கையில் இரத்தம் எடுத்து அதே புரதத்தை அளப்பது அது. ஊசி வயிற்றுக்குள் போகாது என்பது அதன் பெரிய வசதி. ஆனால் அது சல்லடை மட்டுமே. 1977இல் வெளியான பிரித்தானியக் கூட்டு ஆய்வில், 16 முதல் 18 வாரத்தில் 2.5 மடங்கை எல்லையாக வைத்தபோது, அனென்செபலியில் நூற்றுக்கு 88, திறந்த முதுகுப் பிளவில் நூற்றுக்கு 79 பிடிபட்டன. குறை ஏதுமில்லாத ஒற்றைக் கர்ப்பங்களிலும் நூற்றுக்கு 3 தவறாக உயர்வு காட்டின. இந்த 3 சிறியதாகத் தோன்றும். ஆயிரத்தில் ஒரு கர்ப்பத்தில் இக்குறை இருப்பதாக வைத்துக்கொண்டு பத்தாயிரம் பேரைப் பரிசோதித்தால், உண்மையான பத்துப் பேரில் எட்டுப் பேரளவு பிடிபடுவார்கள், குறையே இல்லாத முந்நூறு பேர் பயந்துபோவார்கள். இரட்டைப் பிள்ளை, தவறான வாரக் கணக்கு, தாயின் உடல் எடை, நீரிழிவு எல்லாம் இந்த எண்ணை மாற்றும். இடைநிலை அளவுகூட எந்தச் சமூகத்துத் தாய்மாரிடம் கணக்கிடப்பட்டது என்பதைப் பொறுத்து மாறும். மாதிரி எந்த ஆய்வுகூடத்துக்குப் போகிறது, அவர்கள் எந்தத் தாய்மாரின் இடைநிலை அளவை வைத்திருக்கிறார்கள் என்று கேட்பதில் தவறில்லை. முதற் பிள்ளைக்கே இக்குறை இருந்த உங்களைப் போன்றவருக்கு, சல்லடையில் தங்கவில்லை என்ற பதில் போதிய நிம்மதி தராது என்பதே என் எண்ணம்.

நிலைமையை மாற்றியது ஸ்கான்தான். 1986இல் இலண்டன் கிங்ஸ் கல்லூரி வைத்தியசாலைக் குழுவினர், முதுகுப் பிளவுள்ள சிசுக்களின் தலையிலேயே அடையாளம் இருப்பதை எடுத்துக்காட்டினார்கள்: நெற்றிப் பக்க எலும்பு உள்வாங்கி மண்டையோடு எலுமிச்சை வடிவில் தெரியும், சிறுமூளை பின்னோக்கி இழுபட்டு வாழைப்பழம் போல வளைந்து நிற்கும். முதுகில் சில மில்லிமீற்றர் பிளவைத் தேடி அலைவதைவிடத் தலையில் இந்த இரண்டையும் பார்ப்பது எளிது. அதன்பின் 18 முதல் 22 வாரத்துக்குள் முறையாகச் செய்யும் ஸ்கான், திறந்த முதுகுப் பிளவில் பெரும்பாலானவற்றைப் பிடிக்கும் நிலைக்கு வந்துவிட்டது. பனிக்குட நீரில் புரதம் பார்க்கும் வழக்கமும் உலகெங்கும் மெல்லக் குறைந்தது. அனென்செபலியை இன்று 11 முதல் 14 வார ஸ்கானிலேயே காண முடியும். உங்களுக்கு இப்போது பதினாறு வாரம். அதாவது, முதற் பிள்ளைக்கு இருந்த அதே குறை இந்தப் பிள்ளைக்கு இருக்கிறதா என்ற கேள்விக்கு ஊசி இன்றி இந்த வாரமே உறுதியான பதில் பெறலாம். முன்னைய வரலாற்றைச் சொல்லி, மண்டையோட்டின் வளைவு முழுமையாக இருக்கிறதா என்று குறிப்பாகப் பார்க்கச் சொல்லிக் கேளுங்கள். 18 முதல் 20 வாரத்தில், முதுகையும் சிறுமூளையையும் மூளையறைகளையும் விரிவாகப் பார்க்கும் இரண்டாவது ஸ்கானுக்கு இப்போதே நாள் ஒதுக்கிக்கொள்ளுங்கள். சந்தேகம் மிஞ்சினால் சிசுவின் மூளையை எம்.ஆர்.ஐ. மூலம் பார்க்கும் வழியும் உண்டு.

ஒன்றை வற்புறுத்திச் சொல்கிறேன், ஏனெனில் கொழும்பில் பெரும் பணம் கட்டி இதைச் செய்துவிட்டுத் தவறாக நிம்மதியடைந்தவர்களைக் கண்டிருக்கிறேன். தாயின் இரத்தத்தில் மிதக்கும் மரபணுத் துணுக்குகளைப் பார்க்கும் என்.ஐ.பி.ரி. பரிசோதனை டவுன் சின்ட்ரோம் போன்ற நிறமூர்த்தக் கோளாறுகளுக்கானது. நரம்புக்குழாய் மூடியிருக்கிறதா என்பதை அது சொல்லாது.

அப்படியானால் பனிக்குட நீரை எப்போது எடுப்பது? ஸ்கானில் மூளையில் ஏதாவது வித்தியாசம் தெரிந்து, அதன் காரணத்தை அறியவேண்டியிருக்கும்போது. மூளை இரண்டாகப் பிரியாத நிலைக்கு 13ஆம் நிறமூர்த்தம் மூன்றாக இருப்பது ஒரு முக்கிய காரணம். அது நீரிலுள்ள சிசுவின் கலங்களில்தான் உறுதியாகும். மூளையறைகள் விரிந்திருந்தால் அல்லது மூளையில் சுண்ணாம்புப் புள்ளிகள் தெரிந்தால், தாயிடமிருந்து தொற்றக்கூடிய சைற்றோமெகலோ வைரசோ டொக்ஸோபிளாஸ்மா என்னும் ஒட்டுண்ணியோ சிசுவைத் தாக்கியிருக்கிறதா என்று அதே நீரில் பார்க்கலாம். வைரசு சிசுவின் சிறுநீரில் இறங்க நேரம் எடுப்பதால் அதை ஏறத்தாழ 20 வாரத்துக்கு முன் செய்தால் பொய்யாக இல்லை என்று வரக்கூடும். இந்த நோக்கங்களில் நீர் எடுக்கும்போது ஏ.எஃப்.பி.யையும் சேர்த்து அளக்கச் சொல்வதில் கூடுதல் ஆபத்து ஒன்றும் இல்லை.

உங்கள் விடயத்தில் நான் கேட்க விரும்பும் இன்னொரு கேள்வி உண்டு. இரத்த உறவில் திருமணம் செய்த தம்பதியரிடம், இருவரும் ஒரே குறையுள்ள பரம்பரையலகைச் சுமக்கும் வாய்ப்பு மற்றவர்களைவிடக் கூடுதல். மெக்கல் கிரூபர் என்ற நோயில், தலையின் பின்பக்கத்தில் மூளை பைபோலத் தள்ளியிருப்பது, இரு சிறுநீரகங்களும் நீர்க்கட்டிகளால் பெருத்திருப்பது, கை கால்களில் ஆறாவது விரல் ஆகியவை சேர்ந்து வரும். சிலவேளை தலையில் தெரியும் குறை அனென்செபலி போலவே இருக்கும். சாதாரண நரம்புக்குழாய்க் குறைபாடு ஒரு பிள்ளைக்கு வந்தபின் அடுத்த பிள்ளைக்கு வரும் வாய்ப்பு நூற்றுக்கு 2 முதல் 5 வரைதான். மெக்கல் கிரூபர் ஆயின் ஒவ்வொரு கர்ப்பத்திலும் நான்கில் ஒன்று. ஆகவே முதற் பிள்ளையின் ஸ்கான் அறிக்கையிலும் பிறந்தபோது எழுதிய குறிப்பிலும் சிறுநீரகம், விரல்கள் பற்றி என்ன இருக்கிறது என்று தேடிப் பாருங்கள். ஒன்றும் இல்லாவிட்டால் மனதை அலட்டிக்கொள்ளவேண்டாம். மிகப் பெரும்பாலான அனென்செபலி இந்த வகை அல்ல. ஏதாவது இருந்தால், கின்சி வீதியில் கொழும்புப் பல்கலைக்கழக மருத்துவ பீடத்தில் இயங்கும் மனித மரபியல் பிரிவு போன்ற இடத்தில் மரபியல் ஆலோசனை பெறுவது அவசியம். நீர் எடுப்பதற்கு உங்கள் குடும்பத்தில் நியாயமான காரணம் வருமானால் அது அங்கேதான் வரும்.

நீர் எடுக்கும் முறையைப் பற்றி மாமியாருக்குச் சொல்லவேண்டியது இவ்வளவுதான். 15 வாரம் முடிந்தபின், ஸ்கானில் பார்த்துக்கொண்டே மெல்லிய ஊசியால் 15 முதல் 20 மில்லிலீற்றர் நீர் எடுக்கப்படும். சில நிமிட வேலை. 15 வாரத்துக்கு முன் எடுத்தால் கருச்சிதைவும் பிள்ளையின் பாதம் வளைந்து பிறப்பதும் கூடுவதாக ஆய்வுகள் காட்டியதால் அப்போது எடுப்பதில்லை. அனுபவமுள்ள கையில் ஊசியால் ஏற்படும் கூடுதல் கருச்சிதைவு இருநூறில் ஒன்றைவிடக் குறைவு. பழைய புத்தகங்களில் நூற்றில் ஒன்று என்றிருக்கும். உங்கள் இரத்தம் ஆர்.எச். நெகற்றிவ் ஆனால் எடுத்தபின், உங்கள் உடல் சிசுவின் இரத்தத்துக்கு எதிராகத் திரும்பாமல் தடுக்கும் அன்ரி-டி ஊசி போடவேண்டும் என்பதை நீங்களே நினைவுபடுத்துங்கள். ஆபத்து சிறியது, ஆனாலும் பூச்சியம் அல்ல. பதில் கிடைத்து என்ன செய்யப்போகிறோம் என்று தெரியாமல் அந்தச் சிறிய ஆபத்தையும் ஏற்பது எனக்குச் சரியாகப் படவில்லை.

இங்கே சட்டத்தையும் சொல்லியாகவேண்டும், ஏனெனில் ரொறன்ரோவிலிருந்து வரும் ஆலோசனை அங்கிருக்கும் சட்டத்தை மனதில் வைத்து வருவது. இலங்கையில் 1883ஆம் ஆண்டின் தண்டனைச் சட்டக்கோவையின் 303ஆம் பிரிவு, தாயின் உயிரைக் காப்பாற்றும் நோக்கம் தவிர வேறெதற்கும் கருக்கலைப்பை அனுமதிப்பதில்லை. பிள்ளை பிழைக்க வாய்ப்பில்லாத குறைபாடும் இதில் விதிவிலக்கு அல்ல. சிசுவின் கடுமையான குறைபாட்டுக்கு விலக்களிக்க 2017இல் எடுக்கப்பட்ட முயற்சி சமயத் தலைவர்களின் எதிர்ப்புக்குப் பின் சட்டமாகவில்லை. அதனால் அறிவது வீண் என்று சொல்லமாட்டேன். அனென்செபலி என்று முன்கூட்டியே தெரிந்தால், பிரசவத்தை எங்கே எப்படி நடத்துவது, தேவையற்ற சத்திரசிகிச்சையைத் தவிர்ப்பது, பிள்ளையை யார் கையில் கொடுப்பது, என்ன கிரியை செய்வது என்பதையெல்லாம் பிரசவ அறையின் பதற்றத்துக்கு முன்பே குடும்பமாகப் பேசலாம். முதுகுப் பிளவு என்றால் பயன் இன்னும் நேரடியானது: பிறந்து மூன்று நாட்களுக்குள் முதுகை மூடும் சத்திரசிகிச்சை நடக்கவேண்டும் என்பதால், ஏதோவொரு வைத்தியசாலையில் பிரசவித்து அம்புலன்ஸில் அலைவதற்குப் பதிலாக, பொரளையில் காசல் வீதி மகளிர் வைத்தியசாலையும் சீமாட்டி றிஜ்வே சிறுவர் வைத்தியசாலையும் ஒரே பகுதியில் இருக்கும் வசதியைப் பயன்படுத்த முன்கூட்டியே ஒழுங்கு செய்யலாம். ஆனால் இந்தப் பயன்கள் எல்லாம் ஸ்கான் முடிவிலிருந்தே கிடைத்துவிடுகின்றன என்பதையும் கவனியுங்கள்.

இறுதியாக, நீங்கள் கேட்காத ஒன்று. குடும்ப நல மாது திருமணமான புதிதில் தரும் போலிக் அமிலக் குளிசையைப் பலர் அலுமாரியில் வைத்துவிட்டு, கர்ப்பம் உறுதியானபின் எடுக்கத் தொடங்குகிறார்கள். நரம்புக்குழாய் மூடும் நாட்களோ அதற்குள் முடிந்துவிடுகின்றன. எல்லாப் பெண்களுக்கும் கருத்தரிப்பதற்கு முன்பிருந்தே தினமும் 400 மைக்ரோகிராம் போதும் என்பது பொது விதி. ஒரு பிள்ளைக்கு ஏற்கனவே இக்குறை இருந்தவர்களுக்கு அளவு அதைப் போலப் பத்து மடங்கு: ஏழு நாடுகளில் நடந்து 1991இல் வெளியான பிரித்தானிய மருத்துவ ஆய்வுக் கழகத்தின் பரிசோதனையில் தினம் 4 மில்லிகிராம் எடுத்தவர்களிடம் இக்குறை மீண்டும் வருவது நூற்றுக்கு 72 வீதம் குறைந்தது. இம்முறை கருத்தரிப்பதற்கு முன் உங்களுக்கு எந்த அளவு தரப்பட்டது என்பதை நிபுணரிடம் சொல்லுங்கள். ஸ்கானைப் பார்க்கும்போது அவருக்கு அது உதவும். வலிப்புக்காக சோடியம் வல்புரோவேற் எடுப்பவராக இருந்தால் அதையும் மறைக்காமல் சொல்லுங்கள், ஏனெனில் அது முதுகுப் பிளவைக் கூட்டும் மருந்து. ஆனால் நீங்களாக நிறுத்திவிடவேண்டாம். உங்களுக்குக் கூடப்பிறந்த தங்கை யாராவது திருமணத்துக்கு ஆயத்தமாக இருந்தால், சாதாரண அளவு போதுமா கூடிய அளவு வேண்டுமா என்பதை உங்கள் வரலாற்றைச் சொல்லி அவரும் கிளினிக்கில் இப்போதே கேட்கட்டும்; பிள்ளை தங்கியபின் கேட்டால் நேரம் பிந்திவிடும்.